தண்ணீரில் கோமதி

துலுக்கானம் தன் சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அது 1996. ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், பட்டாளத்துக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பழைய கட்டடம். அதன் பின்பக்க அறைதான் என் ஆய்வகம்.

"மேடம், அமுதாவுக்கும் அதே ஜொரம். பெர்சு மாதிரியே கண்ணு சொருவுது."

"அப்பா... அப்பா..." என்று தோளில் கிடந்தவள் முனகினாள்.

பெரியவள் கோமதி போன மாசம்தான் இதே வார்டில், "நைனா, நைனா" என்று கூப்பிட்டபடியே மூளைக்காய்ச்சலில் செத்தாள். கொசு கொண்டுவந்த கிருமி. அதற்கு மருந்து கிடையாது.

டாக்டர் கஜபதி அமுதாவின் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது ஹெர்ப்பிஸ் கிருமியா இருந்தா ஊசி இருக்கு. ஆனா இவ கிட்னி ஏற்கெனவே தள்ளாடுது. தெரியாம போட்டா ஊசியே கொன்னுடும். சீக்கிரம் சொல்லுங்க."

கிருமியின் மரபணுவை எக்ஸ்ரே படத்தில் விழும் கோடுகளாகப் படிப்பது என் வேலை. நான்கே எழுத்து: ஏ, சி, ஜி, டி. வேறு ஏதாவது கலந்துவிட்டதா என்று பார்க்க, வெறும் தண்ணீரையும் ஒரு குழாயில் வைத்துச் சோதிப்போம். தண்ணீரில் எதுவும் தெரியக் கூடாது.

தெரிந்தது.

படித்துப் பார்த்தேன். போன மாசம் நான் படித்த கோமதியின் கிருமியில் மட்டும் ஏ வர வேண்டிய ஓர் இடத்தில் ஜி இருந்தது. அதே ஜி, அதே இடத்தில், தண்ணீரிலும். அமுதாவின் குழாயிலும் அதுதான்.

பேய்க்கதை என்றால் சிரிக்கிற ஆள் நான். கோமதியின் பழைய துளி எங்கேயோ ஒட்டியிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டு, மேசையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். புதுக் குழாய், வேறு அறை, சீல் உடைக்காத தண்ணீர்.

மறுபடியும் கோமதி.

அறைக்குள் மரிக்கொழுந்து வாசனை. கோமதியைத் தூக்கிப்போன அன்று அவள் தலையில் இருந்தது அதுதான்.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. துலுக்கானத்திடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"பொண வண்டில ஏத்தறப்ப, வாய் தவறி 'போய்ட்டு வா கண்ணு'ன்ட்டேன் மேடம். டெய்லி இஸ்கூலுக்கு அனுப்பறப்ப சொல்றது."

பிணத்தைப் பார்த்து 'வா' என்று சொல்லலாமா?

"அப்ப போகச் சொல்லுங்க," என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா அது? ஆனால் அமுதாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அமுதாவின் தலைமாட்டில், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து நின்றார். பெற்ற பிள்ளையை எப்படி விரட்டுவது?

"போ கண்ணு," என்றார் கடைசியில். "திரும்பி வராத."

மரிக்கொழுந்து வாசனை நின்றுவிட்டது.

அடுத்த படத்தில் தண்ணீர் சுத்தமாக இருந்தது. அமுதாவின் கோடுகளில் ஹெர்ப்பிஸ், பளிச்சென்று. கஜபதி ஓடினார். ஊசி ஏறியது, காய்ச்சல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன்.

அவள் கண் திறந்தபோது நானும் துலுக்கானமும் பக்கத்தில் இருந்தோம். அப்பனைப் பார்த்தாள்.

"நைனா."

கட்டில் கம்பியிலிருந்து அவர் கை நழுவியது.

"இன்னா நைனா, நீதான வரச் சொன்ன? அப்பால போன்னா இன்னா அர்த்தம்?"

"அமுதா..." என்றார் அவர்.

வார்டு முழுக்க மரிக்கொழுந்து மணந்தது.

"அமுதா காதாண்ட நின்னுகினு 'போ கண்ணு'ன்ன. தன்னத்தான் நீ போவ சொல்றன்னு நெனச்சிகினா. போய்ட்டா." அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். "போறப்ப அவள யாரும் வான்னு சொல்லல நைனா."