இரண்டு வழியிலும் ஒரே விடை

ஷேர் ஆட்டோ எம்.ரெட்டியபட்டி விலக்கில் இறக்கிவிட்டபோது உச்சிப்பொழுது. கருவேலங்காட்டில் ஒரு காக்கை கூடக் கத்தவில்லை. வேணிக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசியை நெஞ்சில் போட்டாற்போல இருந்தது.

அருப்புக்கோட்டையில் பாங்குப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு 'உண்மை சொல்பவன், பொய் சொல்பவன்' கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். திருச்சுழி ரோட்டில் பைக் மீது லாரி மோதிவிட்டது. பைக்கில் போன இருவரும் இரட்டைப் பிறவிகள். ஒருவர் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார், முகம் அடையாளம் தெரியவில்லை.

"இன்னொருத்தவுகளுக்குத் தலையில அடி. பேரு ஜோதிலிங்கம்ங்கிறாக. உங்க வீட்டுக்காரருதானக்கா? அவுக ஆதார் கார்டக் கொண்டாங்க."

அதை எப்படி நம்புவது? அவள் புருஷன் ஜோதிலிங்கம் தலையே போனாலும் பொய் சொல்லமாட்டான். கொழுந்தன் ஜெகதீஸ்வரன் இருக்கிறானே, மகராசன், வாய் தவறிக்கூட உண்மை சொல்லமாட்டான். சோற்றில் கையை வைத்துக்கொண்டே இன்னும் சாப்பிடவில்லை என்பான். பேரைக் கேட்டால் இரண்டு பேருமே 'ஜோதிலிங்கம்' என்றுதான் சொல்வார்கள். விடை தெரிந்த கேள்வியாகக் கேட்டால்தான் ஆள் பிடிபடும்.

பூட்டிவிட்டுப் போன வீட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே புழுதியும் பெட்ரோலும் கலந்த வாடை. நாற்காலியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். தாலி கட்டியவளையே குழப்புகிற அதே முகம். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்துவிட்டானா? இவன் எவன்?

வகுப்பில் சொல்லிக்கொடுத்த கேள்வி எதுவும் நாவில் வரவில்லை. வேறொன்று வந்தது.

"உசிரோட இருக்கீகளா?"

"இல்ல."

வேணி கணக்குப் போட்டாள். இது பொய்யென்றால் இவன் கொழுந்தன், பிழைத்தது இவன்தான். அப்படியானால் புருஷன் போய்விட்டான்.

இது உண்மையென்றால் இவன் புருஷன்.

அப்போதும் போய்விட்டான்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஐயோ என்று கத்த வாயைத் திறந்தாள்.

அவன் எழுந்தான். வாசல்படி தாண்டும்போது, திரும்பிப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

"வாரேன்."

போன் அடித்தது. அதே நர்ஸ்.

"எங்கக்கா இருக்கீக? இவுக கட்டில்ல கெடந்து துடிக்கிறாக. வலிக்குதான்னு கேட்டா இல்லவே இல்லங்கிறாக."

வேணி வாசலுக்கு ஓடினாள். தெருமுனை வரை வெயில்தான் கிடந்தது. புழுதியில் அவள் வந்த தடம் மட்டும் இருந்தது.

இந்தப் பக்கம் கிளம்புகிற எவரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. திரும்பாதவன் கூட 'வாரேன்' என்றுதான் சொல்லிக்கொள்வான். அதில் மெய் பொய் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் சொன்னது ஜோதிலிங்கம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கலைந்த மறுநாள் மத்தியானம், பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் குழம்புக் கிண்ணத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏத்தா வேணி, உள்ள ஆம்பளக் குரல் கேக்குதே. யாரு?"

வேணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"அவுகதான்."