நின்றே செத்த யானை

சாரல் பிடித்திருந்த ஒரு முற்பகலில், ஐந்தருவிக்கு மேலே இருக்கும் பழைய கிராம்புத் தோட்டத்துக் கொட்டகைக்குள் பெலிக்ஸ் நுழைந்தான். மகள் ஜெனி அவன் இடுப்பில் இருந்தாள். எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் நனைந்த துணிபோலத் துவண்டு கிடக்கும். தாய் இல்லாத பிள்ளை என்பதால், அவன் போகிற கூலிவேலைக்கெல்லாம் அவளும் இப்படித்தான் வருவாள்.

சாக்கை விரித்து அவளைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்தான். ஈரமண் வாடைக்கு நடுவே, எலும்பில் துளைபோட்டதில் எழுந்த, தீய்ந்த கொம்பின் நாற்றம் ஒன்று மூக்கில் ஏறியது.

எதிரே யானை நின்றது. வெறும் எலும்பு. தோட்டத்தில் மரத்தடி இழுத்த யானை. புதைத்த குழியைத் தோண்டி, எலும்புகளைக் கழுவி, ஒரு கல்லூரிக் காட்சிக்கூடத்துக்காகக் கம்பியால் கோத்து நிறுத்தியிருந்தார்கள். வால் மட்டும்தான் பாக்கி.

"ஆடு மாடு மாதிரி இது காலை வளைச்சு நிக்காது அண்ணாச்சி," என்றாள் கல்லூரியிலிருந்து வந்திருந்த சண்முகப்பிரியா. "தூண்மேல தூண் வச்ச கணக்கா எலும்புமேல எலும்பு. அதான் அம்புட்டு பாரத்தையும் தாங்குது. நின்னுக்கிட்டே தூங்கிரும்."

"படுக்கவே படுக்காதா மேடம்?"

"படுக்கும். இதுக்கு மூட்டு போயிட்டுல்லா? படுத்தா எழும்ப முடியாதுன்னு பயம். நின்னே செத்துச்சாம்."

ஜெனி சிரித்தாள். "எப்பா, நான் எழும்ப முடியாம கெடக்கேன். அது படுக்க முடியாம நிக்கு. நல்ல சோடி."

சண்முகப்பிரியா சாப்பிடப் போனாள். மேகம் இறங்கி, பட்டப்பகலிலேயே கொட்டகை இருண்டது.

பெலிக்ஸ் யானையின் முன்னங்கால் எலும்பைக் கட்டிக்கொண்டான். போகாத கோயில் இல்லை, முட்டிபோடாத சர்ச் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்த வாய் அது.

"நீ நின்னது போதும்," என்றான் அடிக்குரலில். "அந்த நிப்பை எம் புள்ளைக்குக் குடுத்துரு."

எலும்பு கதகதப்பாக இருந்தது.

பின்னால் சாக்கு சரசரத்தது.

ஜெனி நின்றுகொண்டிருந்தாள்.

பெலிக்ஸ் ஓடிப்போய் மண்டியிட்டு, அவள் கால்களைத் தடவித் தடவி அழுதான்.

"எப்பா, போதும். உக்கார வையி."

முழங்காலைப் பிடித்து மடக்கினான். மடங்கவில்லை. இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். காலையில் மலைப்பாதை முழுக்கச் சுமந்து வந்த பிள்ளை, நட்டுவைத்த கல்லாக நின்றாள். அவள் பாதங்களுக்குக் கீழே ஈரத்தரை மெல்ல அமிழ்ந்தது.

"வலிக்குப்பா." ஜெனி அழத் தொடங்கினாள்.

அவன் திரும்பிப் பார்த்தான்.

யானை படுத்திருந்தது.

ஒரு கம்பிகூட அறுந்திருக்கவில்லை. கால்களை மடக்கி, மண்டையைத் தரையில் சாய்த்திருந்தது.

பெலிக்ஸ் விலாவுக்கு அடியில் தோளைக் கொடுத்து முட்டினான். "எழும்புய்யா. தெரியாம கேட்டுட்டேன். நீயே வச்சுக்கோ, எழும்பு." உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. எலும்பு அசையவில்லை.

"சத்தம் போடாதப்பா."

ஜெனியின் அழுகை நின்றிருந்தது. சங்கிலியில் கட்டிப்போட்ட யானை ஆடுவதுபோல அவள் உடம்பு இடமும் வலமும் ஆடத் தொடங்கியிருந்தது.

"இப்பதான் கண்ணசந்திருக்கு," என்று கிசுகிசுத்தாள்.

பெலிக்ஸின் தோளை அழுத்திக்கொண்டிருந்த விலா எலும்புகள் மெதுவாக விரிந்தன. ஒடுங்கின. மறுபடியும் விரிந்தன.