டிக்கியில் ஒன்பது கோடி வயசுப் பிணம்!

டிக்கியில் ஒரு பிணம் இருந்தது.

பழைய வேட்டியில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பிணம்!

செத்து ஒன்பது கோடி வருஷம் ஆகிவிட்டதால் நாற்றம் மட்டும் இல்லை.

அரியலூர்ப் பக்கத்துக் குன்னம் ஊர் கடலாய்க் கிடந்த காலத்துப் பிராணி அது. ராட்சத நத்தை மாதிரிச் சுருண்டு, அப்படியே கல்லாகிவிட்டது. போன மாசம் தங்கள் மக்காச்சோளக் கொல்லை ஓடையில் அதைக் கண்டுபிடித்தவள் வெற்றிச்செல்வி. நிலவியல் ஆராய்ச்சி மாணவி. அவள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. தோண்டித் தலையில் சுமந்து வந்தவர் அவள் அப்பா ராசாங்கம்.

நாளைக்கு மைசூர் ஆய்வரங்கில் 'கண்டுபிடித்தவர்' என்று மேடையேறப் போகிறவர்..?

பேராசிரியர் வைத்திலிங்கம்!

கல்லைத் தூக்க ஆள் வேண்டுமே... அதனால் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

ஊட்டி மலையிறங்கி முதுமலைக் காட்டுக்குள் நுழைந்தது கார். மூங்கில் புதர்கள். புள்ளிமான்கள். தூரத்தில் நீலமாய் மலை.

"சார்... எங்கப்பா பேரையாவது கட்டுரையில போடலாமே?"

ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

"கூலிக்காரன் பேரெல்லாம் போட்டா நாலு பேரு கேலி பண்ணுவாங்கம்மா!"

வெற்றிச்செல்விக்குக் காது சுட்டது. பல்லைக் கடித்தாள்.

பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அப்புறம்... இனிப்பாய்ச் சிரித்தாள்!

"சார், பின்னாடி மலை, கையில கல்லு... ஒரு போட்டோ எடுத்தா மேடையில அள்ளும் சார்!"

"வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு போர்டு இருக்கே?"

"அதெல்லாம் சும்மா வர்றவனுக்கு சார். நீங்க விஞ்ஞானி!"

பிரேக் கிறீச்சிட்டது.

கட்டை அவிழ்த்து, கல்லைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார் வைத்திலிங்கம்.

"இன்னும் ரெண்டடி காட்டுப்பக்கம் சார்... ஆங்... சிரிங்க!"

சர்ர்ர்ர்ர்...!

வனத்துறை ஜீப்! அவள் கண்ணாடியில் பார்த்தது அதைத்தான்.

வனவர் மலர்க்கொடி குதித்திறங்கினாள்.

"யோவ்! இங்கேருந்து ஒரு எலகூட எடுக்கக் கூடாது... பாறையவே பேத்துட்டியா?"

"மேடம்! நான் புரொபசர்! இது நான் கண்டுபிடிச்ச கல்லு! அரியலூர்ப் பக்கம்..."

"பக்கம்னா? எந்த ஊரு? யாரு கொல்லை?"

"அது... வந்து..."

யார் கொல்லை என்று சொன்னால் குட்டு உடைந்துவிடுமே! ஒருநாளும் அந்த ஓடையில் கால் வைக்காத மனுஷன் விழித்தார்.

"நீ யாரும்மா?"

"கல்லு தூக்க வந்த கூலி மேடம். எனக்கென்ன தெரியும்?"

"ஏறுய்யா ஜீப்ல!"

"ஐயோ! அவதான் மேடம் கண்டுபிடிச்சா! குன்னத்துல, அவங்க கொல்லையில! அவங்கப்பாதான் தோண்டினாரு!"

"எழுதிக் குடு."

பானெட் மேல் பேப்பர். வியர்வை சொட்டச் சொட்ட எழுதினார். 'கண்டுபிடித்தவர் வெற்றிச்செல்வி. தோண்டியவர் அவர் தந்தை ராசாங்கம்.'

அதற்கப்புறம்தான் வெற்றிச்செல்வி செல்போனை நீட்டினாள். ஓடை, கடப்பாரை, கல்லைச் சுமக்கும் அப்பா... தேதியோடு படங்கள்!

மலர்க்கொடி கல்லையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வண்டி நிறுத்தியதற்கு மட்டும் அபராதம் போட்டாள். எழுதியதை வெற்றிச்செல்வி கேட்டு வாங்கி, செல்போனில் படமெடுத்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. வைத்திலிங்கம் சீறினார்.

"இனிமே என் கையெழுத்து இல்லாம நீ எப்புடி டாக்டர் பட்டம் வாங்கறேன்னு பாக்கறேன்டி!"

"கையெழுத்துதான் கெடைச்சிருச்சே சார்! எழுத்து கொஞ்சம் நடுங்குது... பரவால்ல, நாளைக்கு மேடையில நானே படிச்சுக் காட்டிடறேன்!"