வெளியே போன நேரம்

அந்தப் பழைய வீட்டுக்கு மதியம் இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் நேர்கோடு. நில அசைவைக் காட்டும் வரைபடத்தில் கோடு லேசாகத் துள்ளினாலும் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல ஒட்டிவிடுவார். அன்றும் ஷூவில் மண் படுமே என்று காரைவிட்டு இறங்கவில்லை. பெரிய மனுஷர்!

வீட்டின் நிலவறைக்குள் பூமியின் பிளவு ஒன்று ஓடுகிறது. அதன் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஒரு கம்பி கட்டியிருக்கிறோம். நிலம் முடியளவு நகர்ந்தாலும் கம்பி காட்டிவிடும். ஆள் உள்ளே போனாலும் ஆடும். அதனால் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் வாசலில் உள்ள பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த நேரத்து அளவை நாங்கள் சேர்ப்பதில்லை.

பதினோரு நாளாகக் கம்பி தினமும் மூன்று பத்துக்குத் துள்ளுகிறது. அதே பிளவின்மேல் நிற்கும் அடுக்குமாடியில்தான் என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். அந்தக் கட்டடம் பத்திரமானது என்று அன்று மாலை நேர்கோடு கையெழுத்துப் போடுவதாக இருந்தார்.

பதிவேட்டைத் திறந்தேன்.

பதினோரு நாளும் உள்ளே போனது ஒரே ஆள். கம்பிக்காரர். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர். மண் சரிந்து அந்த நிலவறையிலேயே செத்து மூன்று மாதம் ஆகிறது. எழுதியிருந்தது நேர்கோட்டின் முத்து முத்தான கையெழுத்து. அளவுகளை வெட்ட ஒரு சாக்கு வேண்டும், அதற்குச் செத்தவரை உள்ளே அனுப்பியிருக்கிறார். வெட்கங்கெட்ட ஜென்மம். அந்தத் திருட்டுத்தனத்தையாவது உருப்படியாகச் செய்தாரா? வெளியே போன நேரத்தை எழுத மறந்திருந்தார்.

ஆனால் அந்தக் கட்டங்கள் காலியாக இல்லை.

ஒவ்வொன்றிலும் கம்பிக்காரரின் கோழிக்கிறுக்கல்: ‘இன்னும் இல்லை.’

கீழிருந்து ஈரமண் வாடை ஏறி வந்தது. யாரோ நிதானமாகக் கம்பியைச் சுண்டினார்கள்.

காருக்கு ஓடினேன்.

"சார், கீழ யாரோ இருக்காங்க."

"இருந்தா நல்லதுதானே? அதான் கம்பி ஆடுது."

"செத்தவர் பேர எழுதியிருக்கீங்களே சார்..."

"உன் அக்கா வீட்டுக்காக ஊரையே கிளப்பிவிடப் பாக்குறியா? நிலவறைச் சாவியக் குடு. ஒண்ணுமில்லன்னு நானே காட்டுறேன்."

கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். பதிவேட்டைத் திரும்பப் பார்த்தேன்.

பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது.

‘நேர்கோடு. உள்ளே: மூன்று பத்து.’

அதே கோழிக்கிறுக்கல். மை காயவில்லை.

அப்போது மணி மூன்று ஏழு.

அவரை மேலே கூப்பிட்டிருக்கலாம். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புக்கா. எதுவும் கேக்காத."

மூன்று பத்துக்குக் கம்பி துள்ளியது. அன்று அதை வெட்ட ஆளில்லை. முழு வரைபடத்தையும் நகராட்சிக்கு அனுப்பினேன். சாயங்காலத்துக்குள் அடுக்குமாடியைக் காலி செய்தார்கள். விடிவதற்குள் அது இரண்டாகப் பிளந்தது.

நிலவறையில் தேடியவர்களுக்குச் சாவி மட்டும் கிடைத்தது.

நேற்று பதிவேட்டைப் பார்த்தேன். நேர்கோட்டின் வரியில், வெளியே போன நேரத்துக்கான கட்டத்தில், முத்து முத்தான கையெழுத்து.

‘இன்னும் இல்லை.’