முடியாது டப்பா

காலை ஏழு ஐம்பது.

"சார், கத்தியக் காணோம்."

"எந்தக் கத்தி?"

"புது மிஷின் கத்தி சார். மிஷின் அப்படியே இருக்கு. கத்தி மட்டும் இல்ல."

போனில் சொன்னவர் பாண்டியன், பிசிறு வெட்டும் பகுதியின் சூப்பர்வைசர். கேட்டவர் ஜெனரல் மேனேஜர் பரந்தாமன். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையில், காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்பேர் ஒண்ணு செஞ்சு வச்சிருந்தோமே?"

"அதையும் காணோம் சார்."

அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்கிற கம்பெனி அது. அச்சிலிருந்து வருகிற வளையத்தின் ஓரமெல்லாம் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு பெண்கள் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். அதையே ஒரே அமுக்கில் வெட்டுகிற மிஷினைக் கம்பெனியின் யோசனைக் குழு ஒரு வருஷமாக உட்கார்ந்து செய்திருந்தது. குழுவுக்குத் தலைவர் டூல் ரூம் ஃபோர்மேன் ஆனந்தன். மதியம் மூன்று மணிக்கு வாடிக்கையாளர்கள் பார்க்க வருகிறார்கள். வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது.

எட்டரைக்குப் பரந்தாமன் வந்து சேர்ந்தார். நேராகத் தரப் பிரிவுக்குப் போனார். அதன் தலைவி ராதிகா.

"ராதிகா, வளையத்துல குறை வந்தா ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேப்பீங்களே. இதுக்கும் கேளுங்க."

"யார் மேல சந்தேகம் சார்?"

கூடவே வந்திருந்த பாண்டியன் சொன்னார். "பேபிதான் மேடம். மிஷின் வந்தா அவங்க ஆறு பேருக்கும் வேலை இருக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் கத்தி ஒரு நாள் காணாமப் போவும் பாருன்னு போன வாரம்தான் சாப்பிடற இடத்துல சொல்லிருக்கா. எங்க பகுதில நேத்து கடைசியா போனதும் அவதான். கேட் கேமராவுல பாத்தேன், பை உப்பிக்கிட்டு இருந்துது. தொறந்து காட்டுன்னா மாட்டேங்கறா."

"டெமோவுல மிஷினை ஓட்டப்போறதே பேபிதானே?"

"ஆமா மேடம். கை வேகமுன்னு ஆனந்தன்தான் அவளைப் போட்டாரு."

பரந்தாமன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூணு மணிக்குள்ள தெரியணும். இல்லைன்னா போலீஸ் கம்ப்ளெயின்ட்தான். அந்தம்மாவை நாளையிலேருந்து உள்ள விட முடியாது."

ராதிகா முதலில் மிஷினைப் பார்த்தாள். கத்தி இருந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. ஆனால் கத்தியைப் பிடித்திருந்த நாலு போல்ட்டும் அவற்றின் ஓட்டையிலேயே திரும்ப முடுக்கப்பட்டிருந்தன. மிஷினை ஓட்டுகிற காற்றுக் குழாயை யாரோ கழற்றிச் சுருட்டி ஆணியில் மாட்டி, வால்வையும் அடைத்திருந்தார்கள். மேஜை மேல் பத்துப் பன்னிரண்டு ஜோடி கறுப்பு கிளவுஸ்.

"இதென்ன புதுசா?"

"ஜி.எம். சார் நேத்து மதியம் வாங்கியாந்தாரு மேடம்," என்றார் பாண்டியன். "வெள்ளை கிளவுஸ் போட்டோல அழுக்காத் தெரியுமாம்."

ஒன்பதே கால். கேட் ரூமில் பேபி உட்கார்ந்திருந்தாள். வெள்ளானூர்க்காரி. பன்னிரண்டு வருஷமாகப் பிசிறு வெட்டுகிறாள். புருஷன் இல்லை, மகள் நிஷா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். செக்யூரிட்டியை வெளியே போகச் சொல்லிவிட்டு ராதிகா கதவைச் சாத்தினாள்.

"நேத்து பையில என்ன பேபி?"

"இன்னாமோ கீது."

"நான் போலீஸ் இல்ல."

பேபி பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, துண்டு, அதற்குள் ஒரு கத்தரிக்கோல். பிடியில் துணி சுற்றியிருந்தது, அவள் விரல் அளவுக்கு.

"நாளையிலேருந்து இது தேவப்படாதுன்னு ஊட்டுக்கு எட்துகினு போனேன். காலைல மனசு கேக்கல, திருப்பி எட்தாந்தேன். கம்பெனி சாமானாச்சே, அத்தான் அந்த ஆளாண்ட காட்டல."

"பெரிய கத்தி?"

"நா எடுக்கலம்மா."

"எப்போ கிளம்பினே?"

"ஆறு, ஆறேகால் இருக்கும். புஸ்ஸுன்னு காத்து சத்தம் நின்னுச்சு. அப்பாலதான் கெளம்புனேன்."

"காத்தை அடைச்சது யாரு?"

பேபி ஜன்னலைப் பார்த்தாள். "நா யாரையும் பாக்கல."

அடுத்து ராதிகா பாண்டியனைத் தனியாகக் கேட்டாள்.

"உங்களுக்கும் இந்த மிஷின் பிடிக்கலையே பாண்டியன்?"

"பிடிக்கலதான். ஆறு பேர் இல்லாத பகுதிக்கு சூப்பர்வைசர் எதுக்கு? ஆனா வாயத் தொறந்தா டப்பாவ ஆட்டறீங்களே மேடம். இந்த வருஷம் நீங்க எல்லாரும் தின்ன பஜ்ஜில பாதி என் காசு."

அவர் சொன்னது முடியாது டப்பாவை. மீட்டிங் ஹாலில் இருக்கிற பழைய பிஸ்கட் டப்பா. பரந்தாமன் இந்தக் கம்பெனிக்கு வந்தபோது தொழிலாளிகள் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தாலும் மேலே இருப்பவர்கள் 'அதெல்லாம் முடியாது' என்று அடைத்துவிடுவார்கள். மேலே இருப்பவர்களின் அந்த வாயை அடைக்கத்தான் அவர் டப்பாவை வைத்தார். யோசனைக் கூட்டத்தில் 'முடியாது', 'சரிவராது', 'சந்தேகம்' என்று யார் சொன்னாலும் பத்து ரூபாய் போட வேண்டும். மற்றவர்கள் டப்பாவை ஆட்டிச் சிரிப்பார்கள். சனிக்கிழமை அந்தக் காசில் எல்லாருக்கும் பஜ்ஜி. அதற்கப்புறம்தான் அங்கே யோசனைகள் வர ஆரம்பித்தன. அது பொய்யில்லை.

"நேத்து எத்தனை மணிக்குப் போனீங்க?"

"அஞ்சரைக்கு. ஆனந்தன் கூடத்தான். அவரு பாதி வழில திரும்பிட்டாரு, டிபன் பாக்ஸை மறந்துட்டேன்னு."

ஆனந்தன் டூல் ரூமில் இருந்தார். ஏதோ ஒரு கம்பியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து திரும்பி வந்தீங்களாமே?"

"டிபன் பாக்ஸ் மேடம்."

"யாரையாவது பாத்தீங்களா?"

"இல்ல."

"கத்தி எங்க இருக்கும்னு நினைக்கறீங்க?"

அரம் நின்றது. "டெமோவைத் தள்ளிப் போட்டுட்டா நல்லது மேடம்."

"பேபியைக் கேட் ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. தெரியுமா?"

"தெரியும்," என்றார். திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிற மனிதர். ஒரு நாள் லேட்டாக வந்ததில்லை, ஒரு ஸ்பேனரை இடம் மாற்றி வைத்ததில்லை. அன்றைக்கு நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை.

பதினொன்றரை. மிஷினுக்கு அடியில் வெட்டின பிசிறு விழுகிற தொட்டியைக் காலையில் எல்லாரும் எட்டிப் பார்த்திருந்தார்கள். உள்ளே கறுப்பு ரப்பர் நூல் நூலாகக் கிடந்தது. கறுப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ராதிகா கண்ணை நம்பவில்லை, கையை விட்டுத் துழாவினாள். நூலுக்கு நடுவே மெத்தென்று ஒன்று அகப்பட்டது.

கறுப்பு கிளவுஸின் ஒரு விரல் நுனி, சுத்தமாக வெட்டுப்பட்டது. பிதுக்கினாள். உள்ளே இருந்து ஒரு துண்டு முருங்கைக்காய் வழுக்கி விழுந்தது, பச்சையாக.

கான்டீனில் சமையல்கார தாயம்மா சாம்பார் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தாயம்மா, பச்சை முருங்கைக்காய் யாராவது கேட்டாங்களா?"

"ஏன், உனுக்கும் ஓணுமா? நேத்து சாயங்காலம் ஃபோர்மேன் வந்து ஒண்ணு கொடுன்றாரு. இன்னா நைனா, ஊட்டுல கொயம்புக்கான்னேன். பதிலே இல்ல. வெரல் மொத்தத்துக்கு வச்சு வச்சுப் பாத்து ஒண்ணப் பொறுக்கிகினு போறாரு. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட அவ்ளோ பாக்கமாட்டான்."

ராதிகா சிரிக்கவில்லை. முந்தின நாள் நாலு மணிக் கூட்டம் ஞாபகம் வந்தது. புது கிளவுஸைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே ஆனந்தன் "ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் டப்பா குலுங்கியது. தலைவரே மாட்டிக்கொண்டார் என்று ஒரே சிரிப்பு. அவரும் சிரித்துக்கொண்டே பத்து ரூபாய் போட்டார். ராதிகாவும் சிரித்தவள்தான்.

தரப் பிரிவுக்குத் திரும்பினாள். சுவரோரம் அவளுடைய சிவப்புப் பெட்டி இருந்தது. குறையுள்ள எதுவானாலும் அதில்தான் போய் விழ வேண்டும். மேலே உண்டியல் மாதிரி வாய். யாரும் போடலாம், வெளியே எடுக்கிற சாவி ராதிகாவிடம் மட்டும். திறந்தாள். நேற்றைய குறை வளையங்களுக்கு மேல், எண்ணெய்த் துணியில் சுற்றி, இரண்டு கத்திகளும் இருந்தன.

ஒரு மணிக்கு எல்லாரையும் மிஷின் பக்கத்தில் கூட்டினாள். பேபியையும் வரவழைத்தாள். கத்தியைப் பார்த்ததும் பரந்தாமன் முகம் தெளிந்தது.

"கிடைச்சிட்டுதா? யாருங்கறது அப்புறம் பாத்துக்கலாம். ஆனந்தன், மாட்டுங்க, டைம் இருக்கு."

ஆனந்தன் நகரவில்லை.

"மாட்டுங்க ஆனந்தன்," என்றாள் ராதிகா. "ஒரு தடவைதான்."

மாட்டினார். காற்றைத் திறந்தார். ராதிகா ஒரு முருங்கைக்காய்த் துண்டை வெள்ளை கிளவுஸ் விரலுக்குள் நுழைத்து, கம்பியில் கட்டிக் கத்திக்கு அடியில் நீட்டினாள். காலால் பெடலை மிதித்தாள். மிஷினின் கண் சிவப்பாக எரிந்தது, கத்தி இறங்கவில்லை. கை குறுக்கே வந்தால் நிறுத்துவதற்கென்றே வைத்த கண் அது.

கறுப்பு கிளவுஸை மாட்டினாள். நீட்டினாள். மிதித்தாள்.

கண் எரியவில்லை. டக்கென்று ஒரு சத்தம். விரல் தொட்டியில் விழுந்தது.

ராதிகா காற்றை அடைத்தாள்.

"கோபத்துல வந்தவங்க மிஷினை உடைச்சிருப்பாங்க," என்றாள் ராதிகா. "திருட வந்தவங்க போல்ட்டைத் திரும்ப முடுக்க மாட்டாங்க, காத்தை அடைக்க மாட்டாங்க, ஸ்பேரைத் தேடிப் போக மாட்டாங்க. எடுத்தவருக்குக் கத்தி வேண்டாம். மிஷின் இன்னைக்கு ஓடக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் கண்ணுலேருந்து போற வெளிச்சம் கையில பட்டுத் திரும்பி வந்தாத்தான் அது கையைப் பாக்கும். கறுப்புல பட்ட வெளிச்சம் திரும்பி வராது. இதை நேத்து முருங்கைக்காயை வச்சுப் பாத்தவரு, குறையுள்ள பொருளை எங்க போடணுமோ அங்க போட்டாரு. என் பெட்டிக்குள்ள. அப்புறம் யார் கேட்டாலும் அவரால எடுத்துக் குடுக்க முடியாது. இல்லையா ஆனந்தன்?"

"ஆமா மேடம்."

பரந்தாமன் மேஜை மேலிருந்த கறுப்பு கிளவுஸ்களை ஒதுக்கித் தள்ளினார். "வெள்ளை கிளவுஸைப் போட்டா போச்சு. இதுக்கா இவ்வளவு?"

"இன்னைக்குச் சரி சார். நாளைக்கு? சாயங்காலம் ஆனா ரப்பர் கரி ஏறி இவங்க கையே கறுப்புதான். நாம டிரையல் பாத்ததெல்லாம் கழுவின கையில."

"ஆனந்தன், என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொன்னேன் சார். நீங்க டப்பாவை ஆட்டினீங்க. நேத்து ராத்திரி ஏழு மணிக்கு போன் பண்ணேன். நாளைக்குப் பேசலாம், பாசிட்டிவா இருங்கன்னு வச்சிட்டீங்க."

பரந்தாமன் மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அப்புறம் போனை எடுத்து, வரவிருந்தவர்களிடம் இன்று வேண்டாம் என்று சொல்லத் தள்ளிப் போனார்.

"காலைல பேபியை உக்கார வச்சாங்களே," என்றாள் ராதிகா. "அப்போவாவது?"

ஆனந்தன் பேபியைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. "வாய் வரைக்கும் வந்துது மேடம். என் மிஷினை நானே சரியில்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிட்டேன்."

எல்லாரும் கலைந்தார்கள். பேபி மட்டும் தன் பழைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ராதிகா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நேத்து அவரைப் பாத்தேதானே?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"எங்களுக்காவ எடுக்கறாருன்னு நெனச்சேம்மா. ஆறு பேரு பொயப்பு போவுதேன்னு, தான் செஞ்ச மிஷினையே கெட்த்துகினாரேன்னு. அப்டியாப்பட்ட மனுசன எப்டிக் காட்டிக் குடுக்கறது? போலீஸு வந்தாலும் சொல்லிருக்க மாட்டேன்."

"உன் விரலுக்காகத்தான் எடுத்தாரு பேபி."

பேபி கைகளை மடியில் விரித்துப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கரி.

"மிஷின சரி பண்ணிடுவாங்களா?"

"பண்ணிடுவாங்க. ரெண்டு மாசம் ஆகும்."

"அப்பால இந்த வெரல வச்சிகினு நாங்க இன்னாம்மா பண்றது?"

ஒரு வருஷக் கூட்டங்களில் யாரும் கேட்காத கேள்வி அது.

"சரி, வுடு," என்று பேபி எழுந்தாள். "கேட்டாண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடும்மா, நா எடுக்கலன்னு. அந்த செக்யூரிட்டி காலைலேருந்து ஒரு மாதிரி பாத்துகினு கீறான். எம் பொண்ணுகூட படிக்கிற பையனோட அப்பன் அவன்."

"வா," என்றாள் ராதிகா. "ரெண்டு பேருமே போய்ச் சொல்லலாம்."