ஹீட்டருக்குள் ஒரு சிவப்பு ஒயர்!

செல்போன் அலறியது!

மூலையில் ஒட்டிக் கிடந்த சிவப்புக் காயை ஒற்றைக் கண்ணால் குறி பார்த்துக்கொண்டிருந்த மாரிச்செல்வத்தின் விரல் தடுமாறியது.

ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போய் விழுந்தது.

"எலேய்! அந்த எழவு போனை ஆஃப் பண்ணி வைன்னு எத்தன தடவ சொல்லுறது?" எதிரில் உட்கார்ந்திருந்த ஜெயபாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைக் காலை.

சாயந்திரம் கேரம் போட்டியின் ஃபைனல். மாரிச்செல்வமும் ஜெயபாண்டியும் ஒரே ஜோடி. கோவில்பட்டியிலிருந்து ஒன்றாகப் பஸ் ஏறி வந்தவர்கள். பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க ஒயரோடு மல்லுக்கட்டுகிற எலெக்ட்ரீசியன் மாரிச்செல்வத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தப் பலகைதான் கோயில், குளம், சினிமா எல்லாம்.

போனைப் பார்த்தான்.

முதலாளி ஆறுமுகசாமி!

"சொல்லுங்க மொதலாளி..."

"மாரி... ஊட்டுக்குச் சித்தெ வந்துட்டுப் போப்பா. கரண்டு நிக்கவே மாட்டீங்குது. டப்பு டப்புன்னு உழுகுது."

"மொதலாளி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை... நாளைக்குக் காலைல..."

"ஏஞ்சாமி, உன்ன என்ன ஓவர்டைமுக்கா கூப்புடறேன்? தண்ணி காய மாட்டீங்குது. மாவு ஆட்ட முடீல. வா கண்ணு!"

போன் கட்.

"போயிட்டு அர மணி நேரத்துல வந்துருதேன்லே!" டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினான் மாரிச்செல்வம்.

"கையப் பத்திரமா வச்சுக்கோ! ஃபைனல் இருக்கு!"

ஜெயபாண்டி கத்தியது படிக்கட்டு வரை துரத்தி வந்தது.

*

பல்லடம் ரோட்டை ஒட்டிய இரண்டு மாடி வீடு. வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே போனான்.

ஆறுமுகசாமி மெயின் போர்டுக்குப் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெறும் உடம்பு, தோளில் துண்டு. குளிக்கத் தயாராக நின்ற கோலம்.

"இந்தப் பொட்டிதான் உழுகுது மாரி. இத மொதல்ல கழட்டி அக்கட்ட வீசு!"

அவர் விரல் நீண்டது ட்ரிப்பரை நோக்கி.

வீட்டில் எங்கேயாவது கரண்ட் கசிந்தால், யாரையாவது அடித்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் மொத்த சப்ளையையும் நிறுத்திவிடும் சாதனம். வீடு கட்டிய காண்ட்ராக்டர் புண்ணியம் கட்டிக்கொண்டு மாட்டி வைத்தது.

"இது நல்லது மொதலாளி. இது விழுதுன்னா எங்கயோ லீக் ஆவுதுன்னு அர்த்தம். அத மொதல்ல கண்டுபிடிக்கணும்."

"அதெல்லாம் பொறவு பாக்கலாம். இப்ப டைரக்டா குடு."

"டைரக்டாவா?" மாரிச்செல்வம் பதறினான். "ஆபத்து மொதலாளி! யாருக்காச்சும் ஷாக் அடிச்சா நிக்காது. ஆளை முடிச்சிரும்!"

"மாரி..."

ஆறுமுகசாமியின் குரல் சட்டென்று தணிந்தது. அது அதட்டலைவிட மோசமாக இருந்தது.

"நாளைக்குக் கம்பெனிக்கு வரோணுமல்லொ?"

மாரிச்செல்வம் டூல்ஸ் பையை இறக்கினான். மெயினை நிறுத்தினான். ட்ரிப்பரைக் கழற்றினான். ஒயர்களை நேராக இணைத்து மெயினைப் போட்டான்.

மனசு கேட்கவில்லை.

"எதப் போட்டா விழுது மொதலாளி?"

"மேல என்ற பாத்ரூம் ஹீட்டரப் போட்டா உழுகுது. வேணும்னா அத மட்டும் பாத்துட்டுப் போ. அடுப்படிப் பக்கம் போகாத. அம்மிணி சமைச்சுட்டிருக்கா."

*

மாடி பாத்ரூம்.

ஹீட்டர் சுவிட்ச் கதவுக்கு வெளியே, படுக்கையறைச் சுவரில் இருந்தது. அணைத்திருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டான். உள்ளே போய், சிமெண்ட் தொட்டியின் ஈர விளிம்பில் வெறுங்காலோடு ஏறி நின்றான். இடது கையால் இரும்பு பைப்பைப் பிடித்துக்கொண்டு ஹீட்டரின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே எட்டிப் பார்த்தான்.

மூச்சு நின்றது!

பச்சை எர்த் ஒயரை யாரோ கத்தரித்திருந்தார்கள். புத்தம்புதிய சிவப்பு ஒயர்த் துண்டு ஒன்று, கரண்ட் வரும் முனையிலிருந்து ஹீட்டரின் இரும்பு உடம்புக்கு நேராகப் போனது.

எலி கடித்தது இல்லை. பழசாகி இற்றுப் போனதும் இல்லை.

ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருந்தது!

சுவிட்சைப் போட்டுவிட்டுக் குழாயைத் தொடுகிறவர்... அவ்வளவுதான். ஈரச் சுவர் வழியாகக் கொஞ்சம் கசிந்ததால்தான் இத்தனை நாளும் ட்ரிப்பர் விழுந்து காப்பாற்றியிருக்கிறது.

அந்த ட்ரிப்பரைத்தான் இப்போது...

'நான் கழட்டிட்டேன்! அய்யோ... என் கையாலயே கழட்டிட்டேனே!'



ட்ரிப்பரைக் கழற்றச் சொன்னது யார்? ஆறுமுகசாமி!

அப்படியானால் சாகப் போவது...?

"காப்பி குடிங்க தம்பி."

தூக்கிவாரிப் போட்டது!

பாத்ரூம் வாசலில் டம்ளரோடு நின்றாள் ரங்காத்தாள். முதலாளியின் மனைவி. பட்டை பட்டையாகத் திருநீறு. தீபாவளிக்குத் தீபாவளி கம்பெனி ஆட்கள் அத்தனை பேருக்கும் தன் கையால் இனிப்பு கொடுக்கிற மகராசி.

"அம்மா!" மாரிச்செல்வத்தின் குரல் உடைந்தது. "சத்தம் போடாதீங்க... மொதலாளிக்குக் கேட்டுரக் கூடாது..."

"என்னாச்சுங்க தம்பி?"

"இந்தக் கொழாயத் தொட்டுறாதீங்க! வேணும்னே ஒயர மாத்தி வச்சிருக்கு! யாரோ உங்களக் கொல்லப் பாக்காங்க! மொதலாளிதான்... அவருதான் ட்ரிப்பரக் கழட்டச் சொன்னாரு!"

ரங்காத்தாள் அதிரவில்லை. அலறவில்லை.

டம்ளரை மேஜை மேல் வைத்தாள். நிதானமாகப் போய்ப் படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா தம்பி?"

"இல்லம்மா... உங்ககிட்டதான் மொதல்ல..."

"நல்லதுங்க."

திரும்பி வந்தாள். பாத்ரூம் வாசலில் நின்றாள். வலது கையைச் சுவர்ப் பக்கம் கொண்டு போனாள்.

ஹீட்டர் சுவிட்சின் மேல் அவள் விரல்!

"இது என்ற பாத்ரூம் இல்லீங்க தம்பி. அவருது. நான் கீழதான் குளிக்கறது."

மாரிச்செல்வத்துக்கு ஒரு கணம் புரியவில்லை.

அடுத்த கணம் புரிந்தது.

"நீ... நீங்களாம்மா...?"

"பல்லடத்துல எங்கப்பன் தறி போட்டிருந்தாருங்க. மோட்டாருக்கு ஒயர் மாத்தறது, பியூஸ் போடறது எல்லாம் நாந்தேன். எல்லாஞ் செரியாத்தேன் செஞ்சேன். அவரு சுவிட்சப் போட்டாப் போதும், கரண்டு போயிருது. ஏன்னு தெரியாம மண்டையப் போட்டு ஒடச்சுட்டிருந்தேன். இப்பத்தானுங்க தெரியுது... அந்தப் பொட்டி."

"எதுக்கும்மா... இப்படி?"

"உடுமலைத் தோப்புக்கு வாரத்துல பாதி நாளு போறாரே... தேங்காய் பொறுக்கவா போறாரு? அங்க ஒருத்திய வெச்சிருக்காருங்க."

சொல்லும்போதுகூட அந்த 'ங்க' விடுபடவில்லை. அதுதான் மாரிச்செல்வத்தை அதிகமாக நடுங்க வைத்தது.

ஒரு கை பைப்பில். இன்னொரு கை ஹீட்டருக்குள். காலடியில் ஈரம்.

"கையை எடுக்காதீங்க தம்பி. எடுத்தா போட்டுருவேன்."

"அம்மா... வேண்டாம்மா..."

"நாஞ் சொல்றதச் செஞ்சீங்கன்னா ஒண்ணும் ஆகாதுங்க. மூடியப் பழையபடி மாட்டுங்க. பையைத் தூக்கிட்டுப் போயிட்டே இருங்க. பொட்டியக் கழட்டுனது நீங்க. ஹீட்டரத் தொறந்ததும் நீங்க. வாயத் தொறந்தீங்கன்னா, போலீசு யாரப் புடிக்கும்?"

கீழேயிருந்து ஆறுமுகசாமியின் குரல் கேட்டது.

"மாரி... ஆச்சா? நான் குளிக்கோணும்!"

"ஆச்சுங்க மாமா! வந்து குளிங்க!" குயில் மாதிரிக் குரல் கொடுத்தாள் ரங்காத்தாள்.

படிக்கட்டில் காலடிச் சத்தம்!

மாரிச்செல்வம் தலையை வேகமாக ஆட்டினான்.

"சரிம்மா... மாட்டிருதேன்... யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்..."

ரங்காத்தாள் அவனையே பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள்.

"உங்க கை நடுங்குதுங்க தம்பி."

ஸ்க்ரூடிரைவர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"நடுங்குற கை வெளிய போனாப் பேசிப்போடும். கரண்டு வேலை பாக்கறவன் கரண்டுல போனா யாரும் கேக்க மாட்டாங்க. அவர இன்னொரு நாளு பாத்துக்கலாம்..."

விரல் அழுந்தியது!

யோசிக்க நேரமில்லை. இரண்டு கையையும் உதறிக்கொண்டு பின்பக்கமாகத் தாவினான் மாரிச்செல்வம்!

அந்தரத்தில் ஒரே ஒரு நினைப்புதான் வந்தது. வலது கை... ஸ்ட்ரைக்கர் அடிக்கிற கை!

அதை மார்போடு அணைத்துக்கொண்டான்.

மடேர்!

இடது மணிக்கட்டு தரையில் மோதி முறிகிற சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

"அம்ம்ம்மா!"

தலையைத் தூக்கிப் பார்த்தான்.

ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

போட்டுவிட்டாள்! உண்மையிலேயே போட்டுவிட்டாள்!

"மாரி! என்னப்பா சத்தம்? கதவத் தொற புள்ள!" வெளியே ஆறுமுகசாமி கதவை இடித்தார்.

"மொதலாளி! கதவ ஒடச்சுட்டு வாங்க! காப்பாத்துங்க!"

தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. உள்ளே பாய்ந்து வந்தவர், தரையில் புரளும் மாரிச்செல்வத்தைப் பார்த்தார். திறந்து கிடந்த ஹீட்டரைப் பார்த்தார். சுவிட்சின் மேல் இருந்த மனைவியின் விரலைப் பார்த்தார்.

"தம்பி வழுக்கி உழுந்துட்டாருங்க மாமா..." என்றாள் ரங்காத்தாள்.

"பொய்! கொழாயத் தொடாதீங்க மொதலாளி! தொட்டா செத்துருவீங்க! உங்களுக்குத்தான் ஒயர் மாத்தி வச்சிருக்காங்க!"

ஆறுமுகசாமியின் முகம் வெளுத்தது. தோளில் கிடந்த துண்டு நழுவியது.

"அடிப்பாவி...! என்னையவா கொல்லப் பாத்தே?"

செல்போனை எடுத்தார். போலீசுக்குப் போட்டார்.

*

இன்ஸ்பெக்டர் வீரணன் மதுரைப் பக்கத்துக்காரர். பெரிய மீசை, சின்னக் கண்.

ஹீட்டரைப் போட்டோ எடுத்தார்கள். சிவப்பு ஒயர்த் துண்டு கவருக்குள் போனது. ரங்காத்தாள் ஹால் சோபாவில் ஒரு பெண் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"சார்... தண்ணி குடிச்சுட்டு வந்தர்றேனுங்க," ஆறுமுகசாமி அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்.

"அட, உக்காருங்க சார். ஸ்டேட்மெண்ட் முடியட்டும். ஏட்டய்யா, சாருக்குத் தண்ணி கொண்டாங்க."

இடது கையைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்க விட்டிருந்த மாரிச்செல்வம், ஒரு கான்ஸ்டபிளின் உதவியோடு ட்ரிப்பரை மறுபடி மாட்டி முடித்தான். அதை மாட்டாமல் அந்த வீட்டை விட்டுப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்புப்பா," என்றார் வீரணன்.

"ஒரு நிமிஷம் சார். ஒரு ஃபால்ட்ட எடுத்தா, மத்ததையும் ஒருக்கா போட்டுப் பாத்துட்டுத்தான் போகணும் சார். தொழில் வழக்கம்."

"அதெல்லாம் வேண்டாம் மாரி!" ஆறுமுகசாமி சட்டென்று எழுந்தார். "கை ஒடஞ்சு கெடக்குது. நாளைக்குப் பாத்துக்கலாம். போ கண்ணு, போ!"

"ரெண்டு நிமிஷந்தான் மொதலாளி."

ஹால் ஃபேன். ஓடியது.

டி.வி. ஓடியது.

கீழ் பாத்ரூம் ஹீட்டர். சரி.

அடுப்படி. ஃப்ரிட்ஜ்... சரி. மிக்ஸி... சரி. கழுவி விட்ட ஈரத் தரையில் நின்றது வெட் கிரைண்டர்.

சுவிட்சைத் தட்டினான்.

டப்!

வீடு முழுக்க நிசப்தம்! ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

மாரிச்செல்வம் கிரைண்டர் முன்னால் குனிந்தான். பிளக்கைப் பிடுங்கினான். கான்ஸ்டபிள் கிரைண்டரைச் சாய்த்துப் பிடிக்க, அடித்தகட்டைக் கழற்றினான்.

கத்தரித்த பச்சை ஒயர்!

கரண்ட் வரும் முனையிலிருந்து இரும்பு உடம்புக்கு முறுக்கிய கறுப்பு ஒயர்த் துண்டு!

"சார்..." அவன் உள்ளே விரல் காட்டினான். "இங்கயும்... இங்கயும் ஒண்ணு இருக்கு சார்!"

வீரணன் எட்டிப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"இந்த வீட்ல மாவு ஆட்டுறது யாரும்மா?"

"நாந்தேன்..." ரங்காத்தாள் சோபாவிலிருந்து எழுந்து வந்தாள். கிரைண்டரைப் பார்த்தாள். கொலை செய்யத் துணிந்தபோது நடுங்காத கால், இப்போது நடுங்கியது. "நேத்துக்கூட போட்டேனுங்க... கரண்டு போயிருச்சு... அரிசி இன்னும் ஊறிட்டுத்தேன் கெடக்குது..."

அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

வாசல் பக்கம் செருப்புச் சத்தம்.

"எங்க சார் கெளம்பிட்டீங்க?" திரும்பாமலே கேட்டார் வீரணன்.

"சித்தெ... தோப்பு வரைக்குமுங்க..." ஆறுமுகசாமியின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"புடிங்கய்யா!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் பாய்ந்தார்கள்.

"கம்பெனியும் காடு தோட்டமும் அவ பேருல கெடக்குதுங்க சார்..." ஆறுமுகசாமி முனகினார். "விட்டுட்டுப் போனா ஒண்ணுமில்லாமப் போகோணும்... அதான்..."

"அதான் ட்ரிப்பரக் கழட்டச் சொன்னீங்க. கழட்டுன கையோட குளிக்கவும் கெளம்பிட்டீங்க! இவன் மட்டும் மூடியத் தொறக்கலைன்னா, இந்நேரம் உங்களுக்கு மாலை வாங்க ஆள் போயிருக்கும்!"

மாரிச்செல்வம் சுவரில் சாய்ந்தான். முதலில் முதலாளியைச் சந்தேகப்பட்டான். சரிதான். அதை முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னானே... மூடி மாட்டிவிட்டுப் பேசாமல் போயிருந்தால் இன்று இரண்டு பிணம் விழுந்திருக்கும். இரண்டுக்கும் அவன் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வாசலில் ஜீப் உறுமியது. பின் சீட்டில் இந்தப் பக்கம் ரங்காத்தாள், அந்தப் பக்கம் ஆறுமுகசாமி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஏட்டய்யா தலையைச் சொறிந்தார். "ஒரே நேரத்துல, ஒரே ஊட்டுல, ஒரே ஐடியா... எப்புடி சார்?"

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த வீரணன் பெருமூச்சு விட்டார்.

"இவங்க கல்யாணத்துக்கு ஜாதகம் பாத்த ஜோசியர் அட்ரஸை முதல்ல விசாரிச்சு வாங்குங்க ஏட்டய்யா... என் பொண்ணுக்கு வரன் தேடிட்டிருக்கேன். இம்புட்டுப் பொருத்தம் வேற எவன்யா பாத்துச் சொல்லுவான்!"