புதைக்காத நஞ்சுக்கொடி

போன் அலறியது.

மாவு படிந்த கையோடு எடுத்தாள் மெரியானா.

"நான் இன்ஸ்பெக்டர் டமாட்டி பேசறேன்மா. டாக்டர் ஹெதர்... செத்துட்டாங்க. நேத்து சாயங்காலம் லேப்ல யாரோ பின்மண்டையில அடிச்சிருக்காங்க."

"ஐயோ! அப்ப... என் ஹுயா?"

ஹுயா அவள் மகள். வயது ஒன்பது. எடையோ இரண்டு ஆளுக்கு! பெற்றவளே கண்டதையும் ஊட்டிக் கெடுக்கிறாள் என்று கேஸ். திங்கட்கிழமை கோர்ட். தோற்றால் பிள்ளையைப் பிரித்து வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்!

அவளுக்காகப் பேச இருந்த ஒரே ஆள் ஹெதர்.

'கர்ப்பத்துல நீ குடிச்ச தண்ணியில தீயணைப்பு நுரை ஃபாக்டரி ரசாயனம் கலந்திருக்கு. அது சிசுவோட ஹார்மோனைக் குழப்பலாம். உடம்பு கொழுப்பைச் சேர்த்துக்கவே பழகிடலாம். அது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பழியை உன் தலையில மட்டும் போட விட மாட்டேன்.'

ஆதாரம்? பிரசவத்தன்று எடுத்து வைத்த நஞ்சுக்கொடித் துண்டு. லேப் ஃப்ரீசரில்.

"ஃப்ரீசர், சார்?"

"பிளக்கைப் பிடுங்கிட்டான். எல்லாம் உருகி நாறுது."

லேப்பில் போனை வைத்த டமாட்டி, பிணத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தார். கை தானாகத் தண்ணீரைத் தேடியது. சாவைப் பார்த்துவிட்டு வரும் பூர்வகுடி மாவோரிக்காரன், தீட்டுப் போகத் தலையில் நாலு சொட்டுத் தெளிக்காமல் நகர மாட்டான்.

வாசற்படியில் ஒரு தண்ணீர் பாட்டில். மூடி திறந்து... பாதி காலி!

"நீ குடிச்சியா, க்ரெய்க்?" காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைக் கேட்டார்.

"தொடவே இல்ல சார். ஃபாக்டரி மேனேஜரைத் தூக்கிடலாமா? வெள்ளைக்காரத் திமிரு..."

"நீயும் வெள்ளைக்காரன்தானேடா!" சிரிப்பு வரவில்லை டமாட்டிக்கு. "கொன்னுட்டுத் தண்ணி தெளிச்சுட்டுப் போயிருக்கான். இது உன் ஆளு இல்ல... என் ஆளு!"

டமாட்டி போய்ச் சேர்ந்தபோது மெரியானா வீட்டுக் கொல்லையில் குழி வெட்டியிருந்தது.

மண்வெட்டியோடு அவள் அண்ணன் ராங்கி. நுரை ஃபாக்டரியில் டிரைவர். டமாட்டியோடு பள்ளியில் படித்தவன்.

குழியோரம் ஓர் ஐஸ்கிரீம் டப்பா.

"என்னடா இது?"

"ஹுயாவோட நஞ்சுக்கொடி. ஒன்பது வருஷமா இவ வீட்டு ஃப்ரீசர்லயே கிடக்கு."

"முழுசாவா? லேப்ல துண்டு மட்டும்தானா?"

"மிச்சத்தை எங்க பூர்வீக மண்ணுல புதைக்கத்தான் சார் வெச்சிருந்தேன்," மெரியானா இடைமறித்தாள். "தண்ணி கெட்டுப்போச்சுன்னு அங்க வேலி போட்டுட்டாங்க. புதைக்காததுக்குத் தீராத பசியாம். அந்தப் பசிதான் எம்பொண்ணு வயித்துல உக்காந்திருக்குன்னு அண்ணன் சொல்லுது. ராத்திரியில ஃப்ரீசர் உறுமும் சார்... அவ எழுந்து வந்து அது முன்னாடி நிப்பா. பயமா இருக்கும்."

"குழி எப்ப வெட்டினான்?"

"நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே, சார்."

டமாட்டி திரும்பினார்.

"ஒன்பது வருஷம் காத்திருந்தது... இன்னிக்கு மட்டும் என்னடா அவசரம்? லேப்ல இருந்தது போச்சு, மிச்சம் இது ஒண்ணுதான்னு எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியும். இல்ல?"

ராங்கி டப்பாவைக் காலால் குழிப் பக்கம் தள்ளினான்.

"கொன்ன கையோட தண்ணி தெளிச்சியே ராங்கி... போச்சா அந்தத் தீட்டு?"

ராங்கி மண்வெட்டியை மண்ணில் ஊன்றினான்.

"போகலடா... போகவே மாட்டேங்குது!" உடைந்தான். "மேனேஜர் கழிவைக் கொட்டச் சொன்னான். நான்தான் லாரி லாரியா அந்த ஓடையில கொட்டினேன். கர்ப்பமா இருக்கற தங்கச்சி குடிக்கற தண்ணின்னு யோசிக்கலடா! 'பசிக்குது மாமா'ன்னு ஹுயா வந்து நிக்கறப்பல்லாம் செத்துச் செத்துப் பிழைச்சேன். ஹெதர் கோர்ட்ல என் பேரைச் சொல்லுவேன்னா..."

"அண்ணா... நீயா?"

அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

ஓங்கினான்!

"டேய்! ஆதாரம்டா அது!"

மண்வெட்டி டப்பாவைப் பிளந்தது. டமாட்டி பாய்ந்து அவனை மண்ணோடு சாய்த்தார். விலங்கு பூட்டிவிட்டுத் திரும்பினால்...

குழிக்குள் வெள்ளையாக ஏதோ வழிந்தது. வெனிலா வாசனை!

"மெரியானா...?"

"அந்நிய மண்ணுல புதைக்க மனசு வரல சார். அண்ணனை எதிர்த்துப் பேசவும் வாய் வரல." கண்ணீரோடு தலைகுனிந்தாள். "டப்பாவை மாத்திட்டேன். அது பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில பத்திரமா இருக்கு."

சமையலறை ஜன்னலில் ஹுயாவின் வட்ட முகம். மாமாவின் விலங்கையே பார்த்தது. பிறகு குழியை.

"போலீஸ் மாமா, அந்த ஐஸ்கிரீம் என் பிறந்தநாளுக்கு அம்மா ஒளிச்சு வெச்சது. கொலை கேஸ்ல வேணா சேத்துக்குங்க... திங்கக்கிழமை ஜட்ஜ்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க!"